ஆடுதீண்டாப்பாளை

கணியம்பாடி தாண்டி, அமிர்தி போகிற வழியில்
கேழ்வரகு அறுத்த கொல்லையில்
தரையோடு படர்ந்து கிடந்தது.
வேலிக்காத்தான் முள்ளையே மெல்லும் வாய்கள்
அதைச் சுற்றிக்கொண்டு நடந்தன.
"இத்தப் போயி இன்னாத்துக்குக்கா?" என்றான் வேடியப்பன்.
கேன்சருக்கு என்றேன்.
சிரிக்கவில்லை.
கோணியின் வாயை விரித்துப் பிடித்தான்.

நிழலில் உலர்த்த வேண்டுமாம்.
வேலூரில் நிழலுக்கே முப்பத்தெட்டு டிகிரி.
வாடகை வீட்டு மொட்டை மாடியில், பழைய புடவைக்கு அடியில்
ஒன்பது நாள்.
பிறகு மெத்தனால் ஏறி இறங்கி, ஏறி இறங்கி
நூறு கிராம் பொடிக்கு ஏழு கிராம்,
வண்டி மை போல.

செல்கள் ஒரு கன்னியாஸ்திரியுடையவை.
அவர் இறந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது.
அவர் மார்பில் வளர்ந்தது மட்டும்
கடல் தாண்டி, காட்பாடியில், முப்பத்தேழு டிகிரியில்
இன்னும் இரண்டிரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கிறது.
கரண்ட் போனால் ஜெனரேட்டர் எழ பதினோரு விநாடி.
எண்ணுவேன்.
யாருக்காக என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

தொண்ணூற்றாறு குழிகள்.
சாயம் மஞ்சள்.
உயிருள்ளது அதை இலவம்பாடிக் கத்தரிப்பூவாக மாற்றும்;
செத்தது மஞ்சளை மஞ்சளாகவே விட்டுவிடும்.
நாற்பத்தெட்டாம் மணி நேரத்தில் தட்டைத் தூக்கிப் பார்த்தேன்.
கீழ்வரிசைகள் முழுக்க
கல்யாணப் பத்திரிகை ஓரம்.
தப்ரேஸ் மேசையைத் தட்டினான்.
அன்று கேண்டீனில் எல்லா சமோசாவும் என் கணக்கு.

வீட்டின் கீழ்ப்பகுதி
ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களுக்கு வாரக் கணக்கில் வாடகை.
பதினோராவது வாரமாக நிமாய் மண்டல்,
அவன் மனைவி சபிதா,
வாடகை அடுப்பு, கடுகெண்ணெய் நெடி.
அவனுக்குத் தெரிந்த தமிழ்:
டோக்கன். ரத்தம். நாளைக்கு வா.
சமோசா செய்தியை வீட்டுக்காரம்மாதான் சொல்லியிருக்க வேண்டும்.
படிக்கட்டில் நின்றான்.
"அக்கா. இலை. கொஞ்சம்."
இப்போது இல்லை என்றேன்.
அவன் தலையாட்டியதில்
இப்போது என்ற சொல் மட்டும் தங்கியது.

அடுத்த தட்டு குரங்கின் சிறுநீரகச் செல்கள்.
நோயில்லாதவை, ஒப்புக்கு வைப்பவை.
அவை முந்திக்கொண்டு மஞ்சளாயின,
பாதி அளவிலேயே.

தெரியாதது இல்லை.
இந்தச் செடியின் அமிலம் சிறுநீரகத்தைத் தின்னும்,
அங்கே புதிதாய்ப் புற்றையும் விதைக்கும்.
பதினேழாவது மேற்கோளாக
நானே போட்டு வைத்திருந்தேன்.
பெயரிலேயே எழுதியிருந்ததைப்
பெயர் என்று படித்திருக்கிறேன்.
நோட்டில் எழுதினேன்: கொல்கிறது.
யாரை என்று பார்ப்பதில்லை.

அன்றிரவு நிமாயிடம் விஷம் என்றேன்.
"பிஷ்," என்றான் உடனே.
அவன் மொழியிலும் அதே சொல்தான்,
உதடு மட்டும் வேறே.
பிறகு விரல்களைக் குவித்து, விரித்து,
"கேன்சர்? செத்துச்சா?"
செத்தது என்றேன்.
பொய் சொல்லியிருக்கலாம்.
அவன் கண் என் தோளைத் தாண்டி
மாடிப்படிக்குப் போனது.

மேலே மிச்சம் அரை மூட்டை.

கடைசிப் பேருந்தில் காட்பாடிக்கு ஏறினேன்.
மடியில் கோணி.
பாலாற்றுப் பாலத்தில் வண்டி மெதுவானபோது
கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.
"உள்ள இன்னா கீது?"
தழை.
"ஆட்டுக்கா?"
இல்லைங்க என்றேன்.
ஆடு தின்னாது.