துப்பல் வாளி

பாசிக்குடாவில், கடல் பார்த்த கண்ணாடி அறையில்
ஒரே தோட்டத்து வைன், மூன்று ஆண்டுகள்.
வெள்ளை விரிப்பு. ஏழு பேர். இருபத்தொரு கிண்ணம்.
என் வேலை வாளி பிடிப்பது.
வாயில் உருட்டிச் சுவைத்ததை விழுங்காமல்
இதற்குள் துப்புவார்கள்.
வெள்ளிப் பூச்சு வாளி. மீன் சந்தையில் இதைக் கண்டால்
வாழைச்சேனையே கூடிநின்று சிரிக்கும்.

சட்டையில் குத்திய பெயர் 'வில்'.
வில்வரெத்தினம் அந்தத் தகட்டில் கொள்ளாதாம்.

முதலில் எழுபத்தெட்டு.
கோடை முழுக்கக் குளிராம் அங்கே; குலை பழுக்காமல்
இந்த ஆண்டு போயிற்று என்று கைவிட்ட பிறகு
செப்டம்பரில் ஏறியதாம் ஒரு வெயில்.
முசியே ஒபேர் மூக்கைக் கிண்ணத்துள் விட்டபடி
அதிசயம் என்கிறார்: ஈர இலை, காளான்,
சீவிய பென்சில், சுருட்டுப் பெட்டி.
நவம்பர் பிறக்கையில் எல்லாம் பத்திரமாய்ப் பீப்பாய்க்குள்.

அந்த நவம்பரில் நான் பதினொரு நாள் பிள்ளை.
சூறாவளி இரவு
அம்மா என்னை நெல் அவிக்கும் கிடாரத்துள் வைத்து
மூடியைப் பாதி திறந்து, மேலே கவிழ்ந்து படுத்தாளாம்.
விடிய எழும்பினால்
பேத்தாழையில் நின்ற தென்னை ஒன்றுமில்லை,
எல்லாம் ஒரே பக்கம் தலைவைத்துப் படுத்திருந்தனவாம்
பாய் விரித்த பந்தி போல.
நானும் பீப்பாய்க்குள் கிடந்தவன்தான், முசியே.
சொல்லவில்லை. வாளியை நீட்டினேன்.

மறுகா தொண்ணூறு.
வெயில் காய்ந்த ஆண்டு, கொழுத்த ஆண்டு.
கொழும்பு நகைக்கடைக்காரர் கைதட்டினார்.
மதாம் சிமோன் மட்டும் தலையசைத்தாள்:
இன்னும் மூடிக் கிடக்கிறது,
திறக்க நேரமெடுக்கும், அவசரப்படுத்தக் கூடாது.
அன்று பேசியதில் அது ஒன்றுதான் எனக்கு முழுதாய் விளங்கியது.
சின்னண்ணன் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு
கூப்பிட்டவர்களோடு நடந்துபோன ஆண்டு.
சைக்கிள் இருக்கிறது.

இரண்டாயிரத்து நாலுக்கு வந்தபோது
நாக்குகள் களைத்துவிட்டன.
'சாதாரண ஆண்டு' என்றார் ஒபேர்,
'விளைச்சல் அதிகம். குறிப்பிட ஒன்றுமில்லை.'
ஏழு பேனையும் அதையே எழுதின.
கண்ணாடிக்கு அப்பால் கடல்
முழங்கால் ஆழத்தில், ஒன்றும் அறியாத பிள்ளை போல.
ஐஸ் கொண்டுவந்த மருதமுனைக்காரி மசூதா
என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.
ஐஸைக் கொட்டிவிட்டுப் போனாள்.

'வில், நீ பிறந்தது எப்போது?'
சொன்னேன். மனிதர் எழும்பியே விட்டார்.
எழுபத்தெட்டின் அடிப்போத்தலைச் சரித்து
எனக்கொரு கிண்ணம், என் கையில் வாளி இருக்கையிலேயே.

புளி போய்விட்டது. இனிப்பும் போய்விட்டது.
துவர்ப்பு மட்டும்,
பாலைப்பழம் தின்ற உதட்டில் பால் ஒட்டுமே, அதுபோல
விடாமல்.
கடைசியில் மண்டி, பல்லில் நறநறவென்று.
எப்படி, எப்படி என்றார்கள்.
'வயசுக்கு நல்லாத்தான் இருக்கு' என்றேன்.
வைனா நானா என்று ஒருவரும் கேட்கவில்லை, சிரித்தார்கள்.
விழுங்கினேன்.
எனக்கு வாளி பிடிக்க ஆளில்லை.

பத்தரைக்கு அறை காலி.
வாளிக்குள் மூன்று ஆண்டும் எச்சிலோடு கலந்து
பீட்ரூட் கழுவிய தண்ணீர் நிறம்.
பின்பக்கத் தென்னங்கன்றுக்கு ஊற்றலாமா என்று நின்றேன்;
பட்டுப்போனால் தோட்டக்காரன் என்னைத்தான் ஏசுவான்.
கானுக்குள் கவிழ்த்தேன். நுரைத்துப் போயிற்று.

உள்ளே மசூதா விரிப்பை உருவிக்கொண்டிருந்தாள்.
நடுவில் ஒரு கறை, உள்ளங்கை அகலம்.
'இது எந்த வருசம்?' என்றாள்.
குனிந்து மணந்தேன். தெரியவில்லை.
'உப்புப் போட்டுத் தேய், போகும்.'
அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பி, இருட்டைப் பார்த்து,
'உப்புக்கு என்ன கா பஞ்சம்' என்றாள்.