பொது எழுத்து

டூலூத்தில் ஜனவரி. கராஜ் கதவு உறைந்து ஒட்டிக்கிடக்கிறது.
ஹீட்டர் என் முழங்காலை மட்டும் காய்ச்சுகிறது.
வெர்டா பலகையைப் பெஞ்சில் வைத்தாள்.
ஏரிக்கரை வீட்டு வாசலில் பதினோரு வருஷம் தொங்கியது,
நான் அறுத்ததுதான்:
மேலிருந்து கீழாக அவள் பெயர்,
குறுக்கே டேல்,
இரண்டும் சந்திக்குமிடத்தில்
ஒரே 'டி'.

"அவனை எடுத்துவிடு."

அன்று அந்த 'டி'யின் வயிற்றைக் குடைய
ஓட்டை போட்டு, ரம்ப இழையைக் கழற்றி,
உள்ளே கோத்து, மறுபடி பூட்டி முறுக்கி,
நகம் பெயர்ந்து, அரை நாள்.
இது வெளிவெட்டு.
காபி ஆறுவதற்குள் முடிந்தது.
மூன்றெழுத்தும் கைகோத்தபடியே விழுந்தன.

வெயிலில் சாம்பல் பூத்த தேவதாரு,
வெட்டிய இடத்தில் மட்டும்
தோல் உரித்த கோழி போல.
"தேய்த்துச் சாயம் அடிக்கட்டுமா?"
"வேண்டாம்."
பனிபூட்ஸால் மரத்தூளை ஒதுக்கினாள்.
"எழுத்து முதலில் என்னுடையதுதான்."

இருபது டாலர். மிச்சம் வாங்கவில்லை.
விழுந்ததையும் கேட்கவில்லை.
தலை போன பிறகு அது தரையில்
'ஏல்' என்று கிடந்தது,
ஏதோ பியரின் பெயராக.

மச்சினன் மதுக்கடை வைத்திருக்கிறான்.
கல்லாவுக்கு மேலே ஆணியும் இருக்கிறது.