எட்டு

பிப்ரவரி. செத்-தீல் நகரம்.
ஹீட்டர் உறுமும் மூன்றாம் மாடி அறை.
மேசையில் பத்தொன்பது விண்ணப்பங்கள்,
பணம் ஏழு பேருக்கு.

"ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கா உதவித்தொகை?"
புதிதாய் வந்த கணக்காளர் சிரிக்கிறார்.
"உலகமே அதைத்தானே துரத்துகிறது."

துரத்தட்டும்.
சாலை முடிந்த பிறகு வரும் இக்கரை ஊர்களில்
அது மீன் வாசமடிக்கும் சின்ன மொழி.
வாரம் ஒரு கப்பலில் வந்து இறங்கி
எங்கள் பிரெஞ்சு வராந்தாவில்
தொப்பியைக் கையில் பிடித்தபடி நிற்கும்.

நான் வாயைத் திறக்கவில்லை.
முப்பத்தோரு வருடம் கீழே வார்டில் நர்ஸ்.
இப்போது ஓய்வு;
குழுவில் ஒரு நாற்காலி, இலவசக் காபி.

பன்னிரண்டாவது விண்ணப்பம் தாமதம்.
பனிக்கட்டி கப்பலை நான்கு நாள் பிடித்துவைத்ததென்று
தபால்காரரின் சீட்டு பின்னால் குத்தியிருக்கிறது.
ரோவீனா பக்கிள். பெல்ஸ் கோவ்.
செவிலியர் படிப்பு, இரண்டாம் ஆண்டு.
தந்தையின் தொழில்: மீன்பிடி, இப்போது இல்லை.
எது இல்லை என்று எழுதவில்லை.

கேள்வி ஐந்து:
படித்து முடித்ததும் ஏன் இக்கரைக்கே திரும்ப விரும்புகிறீர்?
முந்நூறு சொற்களுக்கு மிகாமல்.

இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறாள்:
"எனக்கு அப்போது ஒன்பது வயது.
அப்பாவுக்கு வயிற்றில் வலி.
முதலில் குத்துது என்றார், அப்புறம் பிசையுது என்றார்,
விமானத்தில் வரும்போது
உள்ளே யாரோ கயிறு முறுக்குகிறார்கள் என்றார்.
இங்கே அதையெல்லாம் கேட்டுக்கொள்ள ஆளில்லை.
ஒரு நர்ஸ் வந்தார். நல்லவர். எனக்கு பிஸ்கட் கொடுத்தார்.
வலி பத்துக்கு எத்தனை என்று கேட்பதற்குத்
தன் பத்து விரலையும் விரித்துக் காட்டினார்.
அப்பாவும் இரண்டு கையையும் விரித்தார்,
இருந்த விரல் அத்தனையும்.
வலை இழுக்கும் இயந்திரம்
வலக்கையில் இரண்டை எப்போதோ தின்றிருந்தது.
நர்ஸ் எண்ணினார். எட்டு என்று எழுதினார்.
பக்கத்துக் கட்டில்காரருக்கு ஒன்பது.
அவரை முதலில் தள்ளிக்கொண்டு போனார்கள்.
வகுப்பில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.
நானும்கூடச் சிரித்திருக்கிறேன்.
அன்று இரவு"

அங்கே நிற்கிறது.
எண்ணிப் பார்த்தேன்,
முந்நூறாவது சொல் 'இரவு'.
விதியை மதிக்கிற பெண்.

மிச்ச இரவில் கொஞ்சம் எனக்குத் தெரியும்.
குடல்வால் வெடித்தது இரண்டே கால் மணிக்கு.
ஏழுக்கு என் பணிநேரம் முடிந்தது,
கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.
நான்கு நாள் விடுப்பு. தங்கை கல்யாணம்.
திரும்பியபோது கட்டிலில் வேறு ஆள்.
நான் விசாரிக்கவில்லை.
எட்டு என்பது என் கையெழுத்து,
கீழ்ச்சுழி பெரிதாய், மேற்சுழி சிறிதாய்.
அந்த பிஸ்கட் என் மதியச் சாப்பாட்டுப் பெட்டியில் இருந்தது.

"கெடு தாண்டியது," என்கிறார் கணக்காளர்.
"பனிக்கட்டிக்குத் தேதி தெரியாது," என்கிறேன்.
என் குரல் எனக்கே சத்தமாய்க் கேட்கிறது.
நாலாயிரம் டாலர், இரண்டு தவணை,
அவள் அறை வாடகைக்குக்கூட வருடம் முழுக்க வராது.
பதிலுக்கு ஒரு வருடம்
இந்த வார்டுகளில் அவள் நிற்க வேண்டும்,
கயிறு முறுக்குகிறது என்று ஒருவர் சொன்னால்
எந்தப் பக்கம், எத்தனை நேரமாய் என்று கேட்க.

தலைவர் மதிப்பெண் தாளை நகர்த்துகிறார்.
"பத்துக்கு எத்தனை?"

பத்து போட்டேன்.
காரணம் என்ற கட்டம் கட்டைவிரல் அகலம்தான்.
தாமதம் எங்களுடையது என்று
பிரெஞ்சில் எழுதி, அடித்து,
தட்டுத்தடுமாறி அவள் மொழியில் எழுதினேன்.

கணக்காளர் எட்டிப் பார்த்தார்.
எழுத்துப்பிழை இருக்கிறது என்றார்.