தோள் நோகுதா?

ஏகாம்பரம் வீதியில் என் வேலை
கண்ணாடியில் தாளைக் கவிழ்த்து மூடுவது.
ஒரு பச்சை வெளிச்சம் போய் வரும்.
அடையாள அட்டை, காணி உறுதி, மரணச் சான்றிதழ்,
எப்போதாவது ஒரு ஸ்கான் படம்:
கறுப்புக்குள் கறுப்பாக ஒரு மொச்சைக் கொட்டை.
பிரதி எடுத்தால் ஒன்றும் தெரியாது,
இருந்தும் காசு வாங்குவேன்.

என்னுடையதை ஒருவருக்கும் சொல்லவில்லை.
மூன்று மாதம் போகட்டும், கண்ணூறு படும் என்றா மாமி.
இரண்டு கோடு விழுந்த குச்சியை
நிறோஜனின் பழைய போன் பெட்டிக்குள் ஒளித்தேன்.
கிளினிக்கில் பதிய வேண்டும், தெரியும்.
பதிந்தால் மிட்வைஃப் வருவா.
அவவின் ஸ்கூட்டர் எந்த வாசலில் நின்றாலும்
பாலையூற்றில் அன்று பின்னேரமே கதை.

ஆறாம் கிழமை சத்தி.
ஏழாம் கிழமை செவ்வாய்
தேயிலைச் சாயம் போல ஒரு பொட்டு.
போனில் தேடினேன்.
சிலருக்கு வரும், போகும் என்றிருந்தது.
அதற்குக் கீழே இருந்ததை வாசிக்கவில்லை.
புதன், இடப்பக்கம் மட்டும்
ஊசியில் நூல் கோத்து இழுப்பதுபோல.
வாய்வு என்றா மாமி, உள்ளி சுட்டுத் தந்தா.
தின்றேன்.

வியாழன் இரவு நிறோஜன் மாவாலையில்.
கழிவறையிலிருந்து எழும்பினேன், சுவர் சாய்ந்தது.
சாய்ந்தது சுவரில்லை.

ஜெசிந்தா மிஸ்ஸின் நம்பர் என்னிடம் இருந்தது.
கிளினிக் நோட்டீஸை நூறு பிரதி எடுத்தவள் நான்தானே,
நூறு தரம் வெளிச்சம் போட்டும்
வாசிக்காத தாள்.

எத்தனை கிழமை?
ஏழு.
ஒரு பக்கமா நோகுது?
ஓம் மிஸ்.
பிறகு, சம்பந்தமே இல்லாமல்,
தோள் நோகுதா?

நொந்தது. பின்னேரம் தொடக்கம்.
தாள் பெட்டி தூக்கினதால் என்று நினைத்திருந்தேன்.
வயிற்றைப் பற்றிப் பேசப் போகிறவள்
தோளை ஏன் கூட்டிக்கொண்டு போவாள்?

உள்ளுக்க ரத்தம் கசிஞ்சா
சிலவேளை தோள்தான் சொல்லும், பிள்ளை.
விடியட்டும் எண்டு இருக்காத.
ஒண்டும் சாப்பிடாத, தனியப் போகாத,
இப்பவே வெளிக்கிடு.
நித்திரை கலைந்த குரல். ஆனால் ஒரு சொல்லும் தடுமாறவில்லை.

ஜமாலியா றிஸ்வியின் ஓட்டோ.
மாமி என் மடியில் துவாயை வைத்து
இரண்டு கையாலும் அமத்திப் பிடித்திருந்தா,
ஏதோ பறந்துவிடும் என்பதுபோல.
பஸ் நிலையத்தடியில் வீதி முழுக்க மான்கள்.
றிஸ்வி ஹோர்ன் அடித்தார்.
ஒரு பெட்டைமான் எழும்பி
வயிறு தொங்க, மெல்ல,
இரவு முழுக்கத் தன்னுடையது என்று நடந்து போனது.
அதைத் தூஷணத்தால் ஏசினேன்.
வாழ்க்கையில் முதல் தரம்.

அந்தச் சிங்கள டொக்டருக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம்.
அதில் ஒன்று: உடனே.
படத்தில் கருப்பை ஆளில்லாத வீடு.
வந்த பிள்ளை ஒழுங்கையிலேயே நின்றுவிட்டது,
பேனாக் குழாய் அளவு ஒழுங்கை,
அதுவும் வெடித்துக்கொண்டு.
இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால், என்று தொடங்கினார்.
மிச்சத்துக்கு அவரிடம் தமிழ் இல்லை,
அல்லது இருந்தும் சொல்லவில்லை.

கண் விழித்தபோது நிறோஜன்.
புருவத்தில் மா.
துடைக்கச் சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.
ஏழு கிழமைதானே, என்றார்கள் பார்க்க வந்தவர்கள்.
ஓம், ஏழு கிழமை.
நாற்பத்தொன்பது நாளையும் எனக்குத் தனித்தனியாகத் தெரியும்.

தையல் ஆறி நான் கடைக்குத் திரும்பின மாதம்
நோட்டீஸ் திரும்ப வந்தது, நூறு பிரதி.
இந்த முறை வாசித்தேன்.
இரத்தக்கசிவு, ஒரு பக்க நோ, மயக்கம், காய்ச்சல்,
தண்ணீரும் வயிற்றில் தங்காத சத்தி.
தோள் இல்லை.
கண்ணாடியில் கவிழ்க்க முதல்
யாரையும் கேட்காமல், போல்பொயின்ற்றால்,
அடியில் எழுதினேன்: தோள் நோ.
வெளிச்சம் போய் வந்தது.

ஜெசிந்தா மிஸ் மேல்தாளை எடுத்துப் பார்த்தா.
நிறைய நேரம் பார்த்தா.
எழுத்து கொஞ்சம் சரிஞ்சிருக்கு, என்றா.
இன்னொரு நூறு போடுங்கோ.