கறுப்பு வெள்ளைப் பிரதி

தாலுகா ஆபீசுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை என்னுடையது.
வரைவு வரைபடம் வந்த அன்று
முதலில் என் கண்ணாடியில்தான்
குப்புறப் படுத்தது.
கறுப்பு வெள்ளையில் எடுத்தால்
ஓடையும் எல்லையும் ஒன்றுபோல இருந்தன.
கலருக்கு இருபது ரூபாய் என்றேன்.
"ஓடை எதுன்னு எங்களுக்குத் தெரியும்" என்றார்கள்.

எம்.பி. தேர்தலுக்கு எட்டு மாதம்.
ஆட்சேபணைக்குப் பதினான்கு நாள்.
அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை,
'ஐயா வணக்கம்' வரை
எல்லோருக்கும் ஒரே அச்சு.
காலையில் ஜீப்பில் வந்தவர்கள்
கோடு கண்மாய்க்கு வடக்கே போகட்டும் என்றார்கள்.
மத்தியானம் வந்த ஜீப் தெற்கே என்றது.
வடக்கைத் தேடு, தெற்கை மாற்று.
ஒரு பொத்தான்தான்.
மக்கள் தொகையை 'மக்கல் தொகை' என்று அடித்திருந்தேன்.
இரண்டு கட்சியும் படிக்காமல்
கையெழுத்துப் போட்டன.

பழ.கரு. வீட்டுக்கு முகப்பு ஒரு தெருவில்,
கொல்லைக் கதவு அடுத்த தெருவில்.
ஸ்கேல் வைத்துப் பார்த்தால்
கோடு இரண்டாம் கட்டில் நுழைந்து
அடுப்படி வழியாக வெளியே போகிறது.
"கோட்டோட தடிமனே தரையில முந்நூறு அடி"
என்றார் சர்வேயர் உடையப்பன்.
"அப்ப கோட்டுக்குள்ள குடியிருக்கவுக?"
அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

குடியிருப்பது ஒரே ஆள்.
காவலுக்கு இருக்கும் சேவுகன்.
மற்ற தலைகள் பினாங்கில், அண்ணாநகரில்,
ஒன்று டல்லாசில்.
கணக்கெடுக்க வந்த டீச்சர்
தலைக்கு ஒரு கோடு கிழித்தார்.
பூட்டுக்கும் ஓட்டு உண்டென்றால்
எங்கள் தெரு மட்டும்
இரண்டு எம்.பி. அனுப்பும்.

பதிமூன்றாம் நாள் சாயங்காலம்
ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு
குனிந்து உள்ளே வந்தார் ஞானசௌந்தரி,
ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சாக இருந்தவர்.
கையால் எழுதி வந்திருந்தார்,
நீலப் பேனா, அடித்தல் இல்லை.

'முப்பத்தொரு வருடம்
சைக்கிளில் போய்ச் சொன்னேன்.
சிவப்பு முக்கோணம் வரைந்த சுவரருகே நின்று சொன்னேன்.
மாமியார்கள் விளக்குமாற்றை எடுத்தார்கள்.
இரண்டோடு நிறுத்தினார்கள்.
என் பதிவேட்டில் நான்காயிரத்துச் சொச்சம் பெயர்.
இப்போது தலை குறைகிறது,
இடம் குறையும் என்கிறீர்கள்.
நான் செய்தது தவறா என்று
எழுத்து மூலம் தெரிவிக்கவும்.'

"அக்கா, இது ஆட்சேபணையில வராதே.
எந்தக் கிராமம், எந்த வார்டு, எங்கிட்டு மாத்தணும்னு
கேக்குறாங்க."
"நீ அடி" என்றார்.
அடித்தேன்.
'பொருள்' என்ற இடத்தில்
என்ன போடுவதென்று தெரியவில்லை.
கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.
அவரும் சொல்லவில்லை.
அப்படியே எடுத்துக்கொடுத்தேன், மூன்று நகல்.
காசு வேண்டாம் என்றதற்குக்
கோபப்பட்டார்.

இறுதி ஆணையில் எல்லா மனுவுக்கும்
ஒரே வரி:
பெறப்பட்டவை பரிசீலிக்கப்பட்டன.
கோடு, யாருமே கேட்காத
பஸ் ரோட்டுக்குப் போய்விட்டது.
காலை ஜீப்பும் மத்தியான ஜீப்பும்
தங்களுக்கே வெற்றி என்று
போஸ்டர் அடிக்க வந்தன.
இந்த முறை 'மக்கள்' சரியாக இருந்தது.

மிஞ்சிய வரைவுப் படங்கள்
ஒரு ரீம் இருக்கும்.
பின்பக்கம் வெள்ளைதானே,
ஆதார் நகலுக்கு ஆகும்.
சேவுகன் வந்து
பூத் சிலிப்பைக் காப்பி எடுத்தார்.
வெளியே போய் வெயிலில் தூக்கிப் பிடித்தவர்
திரும்பி வந்தார்.
"எம்பேருக்குக் குறுக்க ஏதோ போகுது பாரு.
ஓடையா, எல்லையா?"

பார்த்தேன். கறுப்பு வெள்ளை.

இரண்டு ரூபாய் என்றேன்.