நடுவரிசை

வயலே இல்லாத தீவில்
லிம் சூ காங் கண்ணாடிக்கூடத்து நான்காம் மேசை.
தட்டுக்கு இருபது வரிசை நாற்று.
நடுவில் ஒன்று, சாகவென்றே நட்டது.
அது சாகாவிட்டால்
மற்றவை பிழைத்ததற்குப் பொருளில்லை.

புகையானை வளர்ப்பதும் நான்தான்,
வலைக்கூண்டில் இளம்பயிர் கொடுத்து,
தீபாவளிக்கும் விடுப்பில்லாமல்.
'உன் பிள்ளைகள் கொழுத்துவிட்டன' என்பாள் ஹுய் ஷான்.
நாற்றுக்கு எட்டு வீதம்
தட்டி உதிர்த்தேன்.

ஒன்பதாம் நாள்
தீயில்லாமல் கருகிற்று நடுவரிசை.
பக்கத்து வரிசைகளும்.
பதினேழு மட்டும் பச்சை:
காட்டுநெல்லோடு கலந்து
ஐந்து தலைமுறை கழித்துக் கழித்து வந்தது.
கதிர் சிறுசு, மணி கொட்டிவிடும்,
சோற்றுக்கு ஆகாது இன்னும்.
ஆனால் பூச்சி வாய்வைத்து
எடுத்துவிடுகிறது.

தூரில் விரித்த வடிதாளில்
தேன்கழிவு நீலப் பொட்டாய் விழும்.
மற்றதற்கெல்லாம் மழை பெய்த தாள்.
இதற்கு மூன்றே பொட்டு.
திரும்பவும் எண்ணினேன். மூன்று.

'எத்தனை வருஷம் தாங்கும்?' என்றாள்
கலவைச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபடி.
பதில் சொல்லக் குனிந்தபோது பார்த்தேன்:
பதினேழின் தண்டில் ஒருத்தி,
வயிறு பெருத்தவள்,
இறங்காமல் உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

பிடித்துத் தனிக்கூண்டில் விட்டேன்.
அவளுக்கும் ஒரு தட்டு
விதைக்க வேண்டும்.