விரல் பழக்கம்

பத்தூமிக்கு மேலே
தேயிலை காடாகிப்போன குன்றில்
முர்மான் உட்கார்ந்திருக்கிறான்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலையை
வேண்டாமென்று எழுதிக் கொடுத்து
ஒன்பது நாள்.

"பருந்து எண்ணச் சம்பளமா?
ஒன்றுக்கு எவ்வளவு?"
காலையில் அண்ணன் கேட்டபோது
தோளில் துப்பாக்கி,
கையில் இவனுக்கும் சேர்த்துச் சோளரொட்டி.

மேகம் விலக,
வடக்கிலிருந்து தேன்பருந்துகள் சுழன்றேறுகின்றன.
கட்டைவிரலடியில் கிளிக், கிளிக்.
நானூற்றுப் பத்து வரை சரி.
அப்புறம் ஒன்று தாழப் பறந்தது,
எட்டு வருட வேட்டையும்
ஆட்காட்டி விரலில் வந்து மடங்கியது.

விரலை நீட்டி முழங்காலில் அழுத்திக்கொண்டான்.
பறவை போய்விட்டது.
எண்ணினானா இல்லையா, அவனுக்கே தெரியவில்லை.
தாளில் கேள்விக்குறி.

அடுத்த குன்றில் ஒரு வெடி.
அதற்கும் படிவத்தில் கட்டம் இருக்கிறது.
பதினொன்று நாற்பத்திரண்டு
என்று எழுதினான்.
பெயர் கேட்கவில்லை படிவம்.